எழுத்துக்கு விட்ட இடம்

காத்தான்குடியில் வெள்ளிக்கிழமை கடைகள் பூட்டு. நான் வேலை செய்யும் அச்சகமும் பூட்டு. என் வீட்டுக்காரர் அன்றைக்கும் காலை ஆறரைக்கே ஆரையம்பதியிலிருந்து மண்டூருக்குப் புறப்பட்டுவிடுவார். அங்கே ஆரம்பப் பாடசாலையில் படிப்பிக்கிறார். குருமண்வெளியில் 'படகுப் பாதை' என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து போக வேண்டும். ஆகவே கிழமையில் ஒரு நாள், வீட்டில் யாரும் இல்லாமல், பின் விறாந்தையின் நல்ல வெளிச்சத்தில், படம் வரைய எனக்கு ஏழு மணித்தியாலம் கிடைக்க வேண்டும்.

கிடைத்ததில்லை. நான் வர்ணத்தைப் பிதுக்கித் தூரிகையை நனைக்கும் நேரம் பார்த்து வட்ஸ்அப்பில் யாராவது வந்துவிடுவார்கள். வீட்டில் என்னிடம் ஒரு மடிக்கணினி இருப்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு சின்ன மாற்றம்தான் என்று தொடங்குவார்கள். கல்யாண அட்டையில் மாப்பிள்ளையின் தகப்பன் பெயருக்கு முன்னால் 'ஓய்வுபெற்ற அதிபர்' என்று போட வேண்டும். அரை மணித்தியாலம் கழித்து, 'ஓய்வுபெற்ற' வேண்டாம், ஆளை வயதாக்கிக் காட்டுகிறது, எடுத்துவிடுங்கள். திருவிழாப் பெனரில் முருகனுடைய வேலின் நுனி நிர்வாகத் தலைவரின் கன்னத்தில் முட்டுகிறது, கொஞ்சம் தள்ளி வையுங்கள். நான் தள்ளி வைத்துவிட்டு வரும்போது தட்டில் வர்ணம் ஆடை கட்டியிருக்கும். அக்ரிலிக் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

நான் மட்டக்களப்பில் நாலு வருடம் ஓவியம் படித்தவள். படித்து முடித்ததும் ஆறு மாதத்துக்கு மட்டும் என்று இந்த அச்சகத்தில் சேர்ந்தேன். இப்போது பதினோராவது வருடம். வேலையை வெறுக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு கல்யாண அட்டையில் எழுத்தும் வெற்றிடமும் சரியாக உட்கார்ந்தால் எனக்கும் சந்தோசம்தான். ஆனால் அந்த வேலை என் கைக்குள் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று ஒரு பெனர் சொல்லும்வரை எனக்குத் தெரியாது.

அந்த வருடம் எங்கள் பழைய விரிவுரையாளர் ஒருவர், பட்டணத்தில் ஒரு மண்டபத்தில் பெண்களின் ஓவியக் கண்காட்சி வைக்கப் போவதாகவும், என்னிடமிருந்து மூன்று படங்கள் வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார். முதலில் ஒன்றின் புகைப்படத்தை அனுப்பச் சொன்னார். நான் நாலு மாத வெள்ளிக்கிழமைகளைச் சேர்த்து அப்போதுதான் ஒரு படத்தை முடித்திருந்தேன். எங்கள் பக்கத்து வாவி, விடியற்காலை. இறால் பிடிக்கக் குத்திய கம்புகள், ஒரு தோணி, அதில் எழுந்து நின்று வலை எறியப் போகிற ஒரு மனிதர். அந்த மனிதர் என்னைப் படாத பாடு படுத்தினார். வலையின் பாரம் அவருடைய இடது தோளில் இறங்க மறுத்தது. ஐந்து தரம் அழித்து ஆறாம் தரம்தான் அவர் தோணியில் நின்றார்.

அந்தப் படத்தைக் கைபேசியில் எடுத்து, அச்சகத்துக் கணினியில் ஓரங்களை வெட்டிச் சரிசெய்து விரிவுரையாளருக்கு அனுப்பினேன். பிரதியை அழிக்க மறந்துவிட்டேன். என் பிழை அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் வேலைக்குப் போகும்போது, காத்தான்குடிப் பிரதான வீதியில் என் படம் தொங்கிக்கொண்டிருந்தது. இருபதடி அகலம். என்னுடைய விடியற்காலை வானத்தில் 'மாபெரும் திறப்பு விழா' என்று சிவப்பு எழுத்து, அதற்கு மஞ்சள் விளிம்பு, விளிம்புக்கு வெளியே இன்னொரு வெள்ளை விளிம்பு. என்னுடைய தண்ணீரில் ஒரு தட்டுப் பொரித்த இறால் மிதந்தது. தோணி இருந்தது. தோணியில் ஆள் இல்லை. அவர் நின்ற இடத்தில் ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தது.

பின்னால் வந்த ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்து என்னைத் தாண்டிப் போனார். நான் வீதியோரத்தில் ஸ்கூட்டியை நிறுத்தி, தலைக்கவசத்தையும் கழற்றாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கக்கேடு என்னவென்றால், என் கண் முதலில் பார்த்தது வேலைப்பாட்டைத்தான். ஆளை எடுத்த அடையாளமே தெரியவில்லை. பக்கத்துத் தண்ணீரை எடுத்து, அலை பிசகாமல், அவர் மேல் பூசியிருந்தது. கணினியில் அப்படிப் பூச அச்சகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான். மற்றது என்னோடு வேலை செய்யும், நான் ராத்தா என்று கூப்பிடும் அக்கா. அவருக்கு அதைக் காட்டிக்கொடுத்ததும் நான்தான்.

ராத்தா என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கடைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. வேலையில் அப்படி ஒரு வேகம். கோபம் என்றால் என்னவென்று தெரியாத மனுசி. நான் உள்ளே போனதும் போகாததுமாக, அந்த இறால் கடைப் பெனரை யார் செய்தது என்று கேட்டேன். அவர் சந்தோசமாக, தான்தான் செய்தது, வியாழன் பின்னேரம் அவசரமாகக் கேட்டார்கள், நன்றாக வந்திருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார். அது நான் நாலு மாதமாக வரைந்த படம் என்றேன்.

அவருடைய முகம் அப்படியே விழுந்துவிட்டது.

"நீங்க கீறினதா? அல்லாஹ்வே, எனக்குத் தெரியாதே. நான் நீங்க பெனருக்கெண்டு செஞ்சு வெச்ச படம் எண்டுதானே நெனச்சன். மேல எழுத்துக்கு இடமெல்லாம் விட்டிருந்தீங்களே."

நான் அதற்கு ஏதோ பதில் சொன்னேன். வானத்துக்கும் பெனருக்கும் வித்தியாசம் தெரியாதா என்பது போல ஏதோ. நல்ல வார்த்தை இல்லை. ராத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் நானா என்று கூப்பிடும் முதலாளி வந்ததும் விசயம் அவரிடம் போனது. அவர் சமாதானம் செய்வதில் கெட்டிக்காரர். கோபிக்க வேண்டாம், கீழே ஒரு மூலையில் உங்கள் பெயரைப் போட்டு இன்னொரு பெனர் அடித்துத் தருகிறேன் என்றார். இறால் தட்டுக்குக் கீழே என் பெயர் வரும் என்பதை அவர் யோசிக்கவில்லை. எனக்குப் பெயர் வேண்டாம், பெனரைக் கழற்றுங்கள் என்றேன். அவர் கடைக்காரருக்கு அழைத்தார். கடைக்காரர் கட்டாரில் பல வருடம் இருந்துவிட்டு வந்து வாவிக்கரையில் இந்தச் சாப்பாட்டுக் கடையைத் திறப்பவர். அன்றைக்கே திறப்பு விழா; அந்த அவசரத்திலும் நேரில் வந்தார்.

"இது கையால கீறினதா தங்கச்சி? நான் போட்டோ எண்டுதான் நெனச்சன். அசல் போட்டோ மாதிரியே இருக்கு."

அவர் அதை மனதாரச் சொன்னார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. நாலு வருடம் படித்ததும் பதினொரு வருடம் வரைந்ததும் போட்டோ மாதிரி இருப்பதற்காக இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது? பெனரைக் கழற்ற அவருக்கு மனமில்லை. விருந்தாளிகள் எல்லாரும் அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் வருவார்கள், ஒரு கிழமை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். அது மூன்று கிழமை தொங்கியது. நான் தினமும் இரண்டு தரம் அதற்குக் கீழே போய்வந்தேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று விறாந்தைக்குப் போனார். அங்கே என் படங்கள் ஒன்பது சுவரோரம் சாய்ந்திருந்தன. அவற்றைத் திருப்பி ஒரு வரிசையாக வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கோவியாத. ஒரு கேள்வி கேக்கன். எல்லாத்திலயும் மேல மூண்டில ஒரு பங்கு சும்மா கிடக்கே, அது என்னத்துக்கு?"

நானும் பார்த்தேன். வாவி, வயல், கல்லடிக் கடற்கரை, பக்கத்து வீட்டு முற்றம். ஒன்பதிலும் மேலே வெறும் வானம், அல்லது வெறும் சுவர். ஒன்பதிலும் ஒரே அளவு. எல்லாம் கொஞ்சம் கீழே தள்ளி, மரியாதையாக ஒதுங்கி, யாரோ தலைப்பைக் கொண்டுவருவார்கள் என்று காத்துக்கொண்டு நின்றன. வலதுபக்கக் கீழ்மூலை கூட ஒன்பதிலும் அமைதியாகத்தான் இருந்தது. விலாசம் போடுகிற இடம்.

ராத்தா பொய் சொல்லவில்லை. நான் எழுத்துக்கு இடம் விட்டுத்தான் இருந்தேன். பதினொரு வருடம் பெனர் செய்த கை, தூரிகையைப் பிடித்தாலும் பெனர்தான் செய்திருக்கிறது. அதுவரை எனக்கு ஊரின்மேல் கோபம். அந்த நிமிடத்திலிருந்து என்மேலும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்காரர் தேத்தண்ணி போட்டுத் தந்தார். அதைக் குடிக்கவும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை என் கைபேசியை அவருடைய பையில் போட்டு அனுப்பிவிட்டேன். அது மண்டூருக்குப் போகட்டும், பிள்ளைகளோடு படிக்கட்டும். பழைய எட்டில் எதையும் கண்காட்சிக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. அன்று அகலமான புதுக் கன்வசை எடுத்து, வானமே வராதபடி, வாவிக்கரைக் கண்டல் மரங்களின் வேர்களை மிகக் கிட்டத்தில் பார்ப்பதுபோல வரையத் தொடங்கினேன். சேறு, வேர், வேருக்குள் வேர், இடையில் தண்ணீர். நாலு ஓரங்களிலும் முட்டும்படி. ஆனால் பழகிய கை என்னை விடவில்லை. பதினொரு மணிக்குத் தள்ளி நின்று பார்த்தால் மேல்பக்கத்து வேர்கள் மெலிந்து, மங்கி, நாகரிகமாக விலகிக்கொண்டிருந்தன. அதன் மேல் தடித்த கறுப்பைப் பூசினேன். கிழமைக்குக் கிழமை இதே சண்டைதான்.

மூன்றாவது வெள்ளியோ நாலாவதோ, ஒரு வீட்டில் மரணம். மரண அறிவித்தல் உடனே வேண்டும் என்று நானா எனக்கு அழைத்திருக்கிறார். கைபேசி மண்டூரில், வகுப்பறை அலுமாரிக்குள். சனிக்கிழமை பயந்துகொண்டு வேலைக்குப் போனேன். ராத்தா தன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்து கடையைத் திறந்து அதைச் செய்து கொடுத்திருந்தார். நானாவிடம், வெள்ளிக்கிழமையில் இனி அவவுக்கு அழைக்க வேண்டாம், எனக்கு அழையுங்கள் என்றும் சொல்லியிருந்தார். இதை நானா சொல்லித்தான் அறிந்தேன். ராத்தாவிடம் நான் அதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று கேட்டேன். அவர், "போங்க, அந்தத் தோணிக்காரர் எனக்குக் கனவில வாறார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

இனி மூன்று படத்தையும் முடித்துவிடலாம் என்று நினைத்த கிழமையில் விரிவுரையாளர் அழைத்தார். கண்காட்சிக்கு அழைப்பிதழ் வேண்டும். வாசலில் ஒரு பெனர் வேண்டும். படங்களுக்குக் கீழே ஒட்ட அட்டைகள், ஒரு சிறு கையேடு. ஏழு பேர் படம் வைக்கிறீர்கள், அதில் இந்த வேலை தெரிந்தவள் நீ ஒருத்திதானே பிள்ளை என்றார். குருவுக்கு மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமை அதிலே போனது. பிரதம விருந்தினரின் பட்டங்களை நாலு தரம் மாற்றினோம். மற்ற ஆறு பேரும் தங்கள் படங்கள் கையேட்டில் சிறிதாகத் தெரிகின்றன என்று தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். மற்ற ஆறு பேரும் தங்கள் தங்கள் வீட்டில் வரைந்துகொண்டிருந்தார்கள். நான் அவர்களுடைய பெயர்களை ஒரே உயரத்தில் நிறுத்திக்கொண்டிருந்தேன்.

திறப்பு நாளில் என் படங்கள் இரண்டுதான் தொங்கின: தோணியில் ஆளோடு வாவி, மற்றது கண்டல் வேர்கள். மூன்றாவது, கரைச் சேற்றில் நண்டு தேடும் இரண்டு பெண்களின் படம், பாதியில் வீட்டில் இருந்தது. பேச வந்தவர்களில் ஒருவர் கண்காட்சியின் சிறப்புகளை அடுக்கிவிட்டு, குறிப்பாக அழைப்பிதழ் மிக அழகு என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். விரிவுரையாளர் என்னை எழுப்பி நிறுத்தினார். பதினொரு வருடத்தில் ஒரு சபையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது.

இரண்டாம் நாள் ராத்தா தன் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். வாவிப் படத்தின் முன் நின்று, தான் அழித்த மனிதரைக் கிட்டப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு வேர்களுக்கு வந்தார். இடமும் வலமும் சாய்ந்து பார்த்தார்.

"இதுல எங்கயும் எழுத்துப் போட ஏலா" என்றார்.

அது பாராட்டா குறையா என்று நான் கேட்கவில்லை. அவருடைய உம்மாவுக்கு இருக்க ஒரு கதிரை தேடிப் போனேன்.

நண்டு தேடும் பெண்களை முடிக்கக் கண்காட்சி முடிந்து இன்னும் ஐந்து வெள்ளிக்கிழமை எடுத்தது. பார்க்க யாரும் இல்லை. முடித்த அன்று காலை, மின்சார மீற்றர் பார்க்க வந்தவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு விறாந்தைப் பக்கம் வந்தார். இலக்கத்தைக் குறித்துவிட்டுப் போகாமல் படத்தின் முன் நின்றார். இது எந்த இடம் என்று கேட்டார். சொன்னேன். சின்ன வயதில் அங்கேதான் தான் நண்டு பிடித்ததாகச் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, அந்தச் சேற்றில் இப்படிக் கணுக்காலோடு நிற்க முடியாது அக்கா, முழங்கால்வரைக்கும் இழுக்கும், அங்கே நடக்கிறவர்கள் இடுப்பை வளைத்துத்தான் காலை உருவுவார்கள் என்றார். பையைத் தோளிலிருந்து இறக்காமலே ஒரு தரம் அப்படி நடந்தும் காட்டினார்.

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அவர் சொன்னது சரி. இரண்டு பெண்களும் சேற்றில் நிற்கவில்லை, சேற்றின் மேல் வைக்கப்பட்டிருந்தார்கள். அவர் போய்ப் படலை சாத்தும் சத்தம் கேட்டதும், துணியை நனைத்து இரண்டு பேருடைய கால்களையும் முழங்கால்வரை துடைத்தேன். காய்ந்த வர்ணம் துணிக்கு வரவில்லை. அதன் மேலேயே மண்ணிறத்தைக் குழைத்துப் பூசத் தொடங்கினேன். அப்போது ஒன்பது மணி. பின்னேரம் வீட்டுக்காரர் வரும்போது ஒருத்தியின் இடுப்பு மட்டும் வளைந்திருந்தது.