நெளுக்குளத்தில் கழற்றிய டிஸ்ரிபியூட்டர்

எங்களிடம் ஒரு பழைய மொறிஸ் மைனர் கார் இருந்தது. என் கணவர் அதைப் புதுக்குடியிருப்புச் சந்தையடியில் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். எண்பத்துநான்காம் ஆண்டு, சிறுபோக அறுவடை முடிந்த கையோடு அது இருமத் தொடங்கியது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று இரண்டு மூன்று தரம் இருமிவிட்டு நடுவீதியில் நின்றுவிடும். இறங்கி, முன்மூடியைத் திறந்து, எதையாவது தட்டினால் மறுபடி ஓடும். எதைத் தட்டியதால் ஓடியது என்பது அவருக்கே தெரியாது.

வாடகைக்கு வந்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். என்னால்தான் பொறுக்க முடியவில்லை. என் தங்கை தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. வந்து பார்த்த மருத்துவிச்சி, "இதை நான் வீட்டிலை வைச்சுப் பாக்கமாட்டன். வயித்துக்குத்துத் தொடங்கினவுடனை முல்லைத்தீவு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு கார் முற்றத்துக்குள் திரும்பும் சத்தம் கேட்டால், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து காது கொடுப்பேன். இருமுகிறதா, இல்லையா? இருமாவிட்டாலும் மனம் ஆறாது. இனித்தான் இருமப்போகிறதோ என்றிருக்கும்.

சந்தையடிக் கராச்சுக்காரர் கழற்றிப் பார்த்தார். இஞ்சினில் இருக்கிற நாலு பிளக்குக்கும் முறை பிசகாமல் மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிற டிஸ்ரிபியூட்டரில்தான் பிழை என்றார்.

"நடுத்தண்டு தேஞ்சு ஆடுது. முழுசாய்த்தான் மாத்தவேணும். புதுசு கொழும்பிலைதான் கிடைக்கும்."

முந்தின வருடம் ஆடிமாதம் தமிழரை அடித்து எரித்த கலவரத்தின் பிறகு கொழும்பு என்ற பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

"இதுக்கெண்டு இன்னொரு மைனர் தேடி அலையாதேங்கோ" என்றார் கராச்சுக்காரர். "ஏ-நாப்பது காரிலையும் இந்த இஞ்சின்தான். ரெண்டும் ஒரு தாய்ப் பிள்ளையள். அதிலை கழட்டி இதிலை பூட்டலாம். நெளுக்குளத்திலை ஒராள் உடைஞ்ச கார் வாங்கிப் போடுறவர். போய்ப் பாருங்கோ."

அன்று பின்னேரமே என் கணவர் சொன்னார்: "நாளைக்கு நீரும் வாரும். ஆம்பிளை தனியப் போனால் ஆமிக்காரர் மறிச்சு வைச்சிடுவாங்கள். பெண்சாதி பக்கத்திலை நிண்டால் விடுவாங்கள்."

தங்கையை மாமியின் பொறுப்பில் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் புறப்பட்டோம். மாங்குளத்தில் இறங்கி வேறு பஸ் ஏறினோம். வவுனியா போய்ச் சேரும்வரை நான் சாய்ந்து இருக்கவேயில்லை. முன்சீற்றின் கம்பியைப் பிடித்தபடி, தங்கைக்கு இப்போது தொடங்கியிருக்குமோ, இல்லாவிட்டால் இப்போதோ என்று நினைத்துக்கொண்டே போனேன்.

வவுனியாவை அடுத்த நெளுக்குளத்தில் பாலை மரங்களுக்குக் கீழே கார்கள் கிடந்தன. சில்லு இல்லாதவை, கூரை இல்லாதவை, ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிவிட்டவை. அவற்றின் சொந்தக்காரர் மலையகத்து மனிதர். முன்பு அங்கே ஒரு நகரத்தில் வாடகைக் கார் ஓட்டியவர். எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டுக் குடும்பத்தோடு வவுனியாவுக்கு வந்தவர். நாங்கள் சொன்னதைக் கேட்டதும், "ஏ-நாப்பது ரெண்டு கெடக்குங்க, போய்ப் பாருங்க" என்று கையைக் காட்டினார்.

முதலாவதில் டிஸ்ரிபியூட்டர் இருந்த இடம் வெறும் ஓட்டையாக இருந்தது. இரண்டாவதில் இருந்தது. என் கணவர் ஆவலோடு மூடியைக் கழற்றி நடுத்தண்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். எங்களுடையதைவிட மோசமாக ஆடியது. அதைப் போட்டுவிட்டு எழும்பியவரின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த மனிதரின் வீட்டோடு ஒட்டிப் போட்ட கிடுகுக் கொட்டிலுக்குள் இன்னொரு ஏ-நாற்பது நிற்பதைக் கண்டேன். நாலு சில்லும் இருந்தன. கண்ணாடி துடைத்திருந்தது. இவரும் கண்டுவிட்டார். விறுவிறென்று அதை நோக்கி நடந்தார்.

"அது வேணாங்க" என்று அந்த மனிதர் பின்னாலேயே ஓடிவந்தார். "அது விக்கிற வண்டி இல்லீங்க. நாங்க அதுலதான் வந்தோம். இங்க வந்து நின்னதுதான், பெறகு ஓடல. ரிப்பேர் பண்ணி ஒருநாள் ஊருக்குப் போயிருவோம்னு வச்சிருக்கேன்."

இவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கோபக்காரர், ஏதாவது சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவார் என்று நான் முந்திக்கொண்டேன். தங்கையின் கால் வீக்கத்தைச் சொன்னேன். மருத்துவிச்சி சொன்னதைச் சொன்னேன். நடுவீதியில் கார் நிற்பதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பிடிக்காமல் உயர்ந்துகொண்டு போனது.

அந்த மனிதர் வீட்டுக்குள் போனார். உள்ளே மெதுவான பேச்சுச் சத்தம் கேட்டது. அவருடைய மனைவி ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வெளியே வந்து என்னைப் பார்த்தார்; பிறகு காரைப் பார்த்தார்.

"கழட்டிக் குடுங்க" என்றார் கணவரிடம். "ஏழு வருசமா நிக்குது. எங்க போவப்போகுது?"

கழற்றுவதற்கு இவரை அந்த மனிதர் விடவில்லை. தானே குனிந்து கழற்றினார். நாலு பிளக்குக்கும் போகிற வயர்களையும் நடு வயரையும் ஒவ்வொன்றாகத் துடைத்தார். நடுத்தண்டை இவர் ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. பேப்பரில் சுற்றும்போது அந்த மனிதர், "வயரெல்லாம் பிடுங்கித் தனியா வச்சுக்கங்க, வழியில பாத்தா குண்டுன்னு பயந்துருவாங்க" என்றார். எந்த வயர் எந்த இடம் என்பது மாறிவிடும் என்று இவர் கேட்கவில்லை. அப்படியே என் பைக்குள் வைத்தார்.

வவுனியாவைத் தாண்டியதும் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். இளம் சிப்பாய் ஒருவன் என் பையைத் திறந்து, பேப்பரை விலக்கினான். கறுத்த இரும்பு, அதிலிருந்து ஐந்து வயர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பையை நிலத்தில் வைத்துவிட்டுப் பின்னால் பாய்ந்தான். சத்தம் போட்டான். துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின. பயணிகள் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினார்கள். என் கணவரை வீதியில் முழங்காலில் இருத்தி, கையைத் தலைக்குப் பின்னால் கட்டச் சொன்னார்கள். அவர், "கார், கார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது.

எப்படித் துணிந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கையை உயர்த்திக்கொண்டு முன்னால் போனேன். ஸ்ரேறிங்கைப் பிடிப்பதுபோல் காற்றில் பிடித்துத் திருப்பினேன். கார் மாதிரிச் சத்தம் போட்டேன். பிறகு இருமினேன். உடம்பைக் குலுக்கிக்கொண்டு நின்றேன். பையைக் காட்டினேன். வயிற்றுக்கு முன்னால் பெரிதாகக் கையை வளைத்துக் காட்டி, "தங்கச்சி, தங்கச்சி" என்றேன். விளங்கவில்லையோ என்று பயந்து, முதலிலிருந்து திரும்ப ஓட்டினேன். இரண்டாந்தரம் இன்னும் பலமாக இருமினேன்.

அவர்களில் வயதானவனாக இருந்தவன் முகத்தைத் திருப்பினான். சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது. என் கணவரை எழும்பச் சொல்லி, அந்தச் சாமானை எடுத்துத் திறந்து காட்டும்படி சைகை செய்தான். இவர் மூடியைக் கழற்றி, தண்டைச் சுழற்றிக் காட்டினார். அவன் கிட்டே வந்து எட்டிப் பார்த்தான். பிறகு ஐந்து வயர்களையும் பிடுங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு, மற்றதைக் கொண்டுபோகச் சொல்லிக் கையை அசைத்தான்.

பஸ் கொஞ்சத் தூரம் போனபிறகு இவர் மெல்ல, "வயர் போனால் போகட்டும். எங்கடை பழைய வயரே போதும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல்கூடப் பூட்டினார். நான் இஞ்சினை இயக்கிவிட்டு உள்ளே இருந்தேன். அவர் டிஸ்ரிபியூட்டரைச் சற்றுச் சற்றாகத் திருப்பினார். ஓரிடத்தில் அந்த இரைச்சல் ஒரே சீராகியது. அந்த இடத்தில் வைத்து இறுக்கினார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் தங்கைக்குக் குத்துத் தொடங்கியது. முல்லைத்தீவு வரைக்கும் பின்சீற்றில் அவளுடைய தலையை மடியில் வைத்திருந்தேன். அவள் முனகினாள். நானோ இஞ்சினைத்தான் கேட்டுக்கொண்டு போனேன். ஒரு தரமும் இருமவில்லை. மத்தியானத்துக்கு முன் பெண்பிள்ளை பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

சமைத்துக் கொண்டுவருவதற்காக நானும் இவரும் வீடு நோக்கி வந்துகொண்டிருந்தோம். பாதி வழியில் இரண்டு கையாலும் கதவுப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்தத் துவக்குகள் எல்லாம் அப்போதுதான் என் பக்கம் திரும்பியதுபோல் இருந்தது. இவர் வீதியோரமாக நிறுத்தி, என்னைப் பார்த்தார். சாவியில் கை வைத்தார்.

"இஞ்சினை நிப்பாட்டட்டே?"

"வேண்டாம்" என்றேன். "ஓடிக்கொண்டு நிக்கட்டும்."