என் தங்கை வைத்திருந்த பின்வாசல்

என் தங்கையை வீட்டில் எலி என்றுதான் கூப்பிடுவோம். சிறுவயதில் ஒயர் எங்கே போகிறதோ அங்கெல்லாம் தலையை நுழைப்பாள். மேசைக்கு அடி, அலமாரிக்குப் பின்பக்கம் எதுவும் பாக்கியில்லை. நான் ஆறாவதோடு படிப்பை நிறுத்தித் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். அவள் படித்து, ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். இன்று அவள் வேறு ஊரில் இருக்கிறாள். அவள் அறையில் என் துணி மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. ஆனாலும் உள்ளே நுழைந்தால் சூடான பிளாஸ்டிக் வாசனை வருவது போலவே எனக்குத் தோன்றும்.

கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு பழைய லேப்டாப் மூன்று வருஷம் ஓடியது. கல்லூரியில் கழித்துப் போட்டது. சூடு தாங்காது என்பதால் அடியில் நான்கு காலி நூல் உருளைகளை வைத்து உயர்த்திக் கொடுத்தேன். பேட்டரி செத்திருந்தது, கரண்ட் போனால் அணைந்துவிடும். திரும்ப எழும்போது கடிகாரம் பல வருஷம் பின்னால் போய் நிற்கும். தேதியும் மணியும் தப்பாக இருந்தால் மற்ற கம்ப்யூட்டர்கள் அதை நம்பாதாம், பேசவே பேசாதாம். அவள் வேலைக்குப் போயிருக்கும்போது அதைத் திருத்துவது என் பொறுப்பு. ஒரு நிமிஷம் பிசகாமல் வைப்பேன்.

"இது என்னடி பண்ணுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நெட்ல யார் எங்கேருந்து எதைப் பாக்குறாங்கன்னு தெரியாம மறைக்கிற வலை அக்கா. ஒரு கடுதாசியை மூணு உறைக்குள்ள போட்டு மூணு வீடு வழியா அனுப்புற மாதிரி. ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரு உறையைத்தான் பிரிப்பார். யார் கொடுத்தா, அடுத்து யாருக்குக் கொடுக்கணும், அவ்ளோதான் அவருக்குத் தெரியும்."

"நம்ம வீடு அதுல எங்க வருது?"

"உள்ள போற வாசல் எல்லாம் ஒரு பட்டியல்ல இருக்கு. அதை யார் வேணா பாக்கலாம். சில நாட்டுல அதைப் பாத்து ஒண்ணு விடாம அடைச்சிடுறாங்க. நம்மளது பட்டியல்ல இல்லாத பின்வாசல்."

"திருடன் அந்த வழியா வந்தா?"

"வரலாம். கத்திரி வச்சு துணியும் வெட்டலாம், பாக்கெட்டும் வெட்டலாம். நீ கடையை மூடிட்டியா?"

கத்திரியை எடுத்துக்கொண்டு மெஷினுக்குத் திரும்பினேன்.

அந்தப் பின்வாசலுக்கு ஒரு முகவரி உண்டு. முன்னால் சில எண்கள், பின்னால் நீளமாக எழுத்துகள். எலி அதை ஒருத்திக்குத்தான் கொடுத்திருந்தாள். கல்லூரி நூலகத்தில் அவளோடு வேலை பார்த்துவிட்டுச் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போன பெண். நாங்கள் லைப்ரரி அக்கா என்போம். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. அவளுக்குத் துணி தைத்தால் பாதி மிஞ்சும். அங்கே அவள் கணவரைப் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். உள்ளூரில் யாரும் தொடத் துணியாத வழக்கை வெளிநாட்டு வக்கீல் ஒருவர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காகிதங்கள் அனுப்புவது தெரிந்தால் அவளும் உள்ளேதான். எங்கள் வீடு வழியாகத்தான் அவை போய்க்கொண்டிருந்தன.

அதைக் கெடுத்தது நான்.

தையல்காரர்கள் வாட்ஸப் குழுவில் ஒருத்தி தன் மகன் டாக்டர் ஆனதைப் போட்டிருந்தாள். என் தங்கை மட்டும் குறைந்தவளா? அவள் அறையில் ஒட்டியிருந்த முகவரியைப் பார்த்து அப்படியே அடித்து, "இது என் தங்கை கட்டிய வாசல், எந்தத் தடையையும் தாண்டும்" என்று போட்டேன். அடித்ததை இரண்டு முறை சரிபார்த்தேன். நாற்பத்தேழு பேர் கைதட்டினார்கள். யாரோ அதை எடுத்துப் பொதுவில் பரப்ப, லைப்ரரி அக்காவின் நாட்டில் எங்கள் வாசலையும் அடைத்துவிட்டார்கள்.

ஆறாம் நாள் லைப்ரரி அக்கா கடைக்குப் போன் செய்து, "இங்க நெட்டு வேலையே செய்யலங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். கணவரின் வழக்கு விசாரணைக்கு நான்கு நாள்தான் இருந்தது.

எலி தேடிப் பார்த்து என் பதிவைக் கண்டுபிடித்தாள்.

"ஒரு எழுத்தாவது தப்பா அடிச்சிருக்கக் கூடாதாக்கா? யாராலயும் தப்பில்லாம அடிக்க முடியாது இதை!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

மறுநாள் லீவு போட்டாள். இணைய கம்பெனிக்குப் போய் மன்றாடி எங்கள் நெட் லைனுக்கு வேறு எண் வாங்கி வந்தாள். பின்னால் வரும் நீள எழுத்துகளை மாற்றாமல் அப்படியே வைக்கலாம், முன்னால் உள்ள ஐந்து எண்களை மட்டும் லைப்ரரி அக்காவுக்குச் சொன்னால் போதும் என்றாள். ஆனால் எப்படிச் சொல்வது? போனை ஒட்டுக்கேட்பார்கள், மெயிலைப் படிப்பார்கள்.

"துணி அளவை யாருடி ஒட்டுக்கேட்கப் போறான்? கொண்டா போனை" என்றேன்.

மத்தியானம் கூப்பிட்டேன்.

"உங்க பழைய அளவு சரியா இருக்கான்னு பாக்கணும்மா, சென்டிமீட்டர்ல சொல்றேன். இடுப்பு இருநூத்திப் பன்னெண்டு."

எலி நகத்தைக் கடித்தாள்.

"ஆமாங்க" என்றாள் லைப்ரரி அக்கா மெதுவாக. "கொஞ்சம் பெருத்துட்டேன். இருங்க, பேனா எடுத்துக்கறேன்."

கை, தோள், உயரம், கடைசியாக பில் நம்பர். ஐந்தையும் திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் விட்டேன்.

அடுத்த நாள் காலை எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை எலி திறந்தாள். அந்த நாட்டுக்கு நேரே எட்டு என்று இருந்தது.

"எட்டுப் பேரா?"

"ஒருத்தர் வந்தாலும் எட்டுன்னுதான் காட்டும்க்கா. ஆளை அடையாளம் தெரியக் கூடாதுன்னு எட்டெட்டா தூக்கிக் காட்டும்."

"அப்ப அவதான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. நமக்கும் தெரியக் கூடாது." கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

காகிதங்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன என்பது பிறகு தெரிந்தது. அவள் கணவர் வெளியே வர இன்னும் ஒரு வருஷம் ஆனது. இருவரும் அந்த நாட்டை விட்டே வந்த பிறகு எலி தன் கையால் லேப்டாப்பை அணைத்தாள். ஆகவேதான் இதைப் பற்றி இப்போது எழுத முடிகிறது.

எழுதியதை முதலில் அவளுக்குத்தான் படித்துக் காட்டினேன்.

"நிஜ எண் எதுவும் போடலையே?"

"இடுப்பளவை மாத்தித்தான் எழுதியிருக்கேன்டி" என்றேன்.