சார்ஜரில் எரிந்த பச்சை விளக்கு

ஆயுத பூஜைக்கு மறுநாள் என் பேட்டரி ஸ்கூட்டர் சார்ஜ் ஏற மறுத்தது. இரண்டாயிரத்து ஆறில் மரக்காணம் பக்கம் அப்படி ஒரு வண்டியை அதிகம் பேர் பார்த்ததில்லை. மரக்காணத்தில் உள்ள நர்சரி பள்ளியில் வேலை கிடைத்த பிறகு, என் சம்பளத்தில் பாண்டிச்சேரியில் வாங்கியது. வண்டி வாங்கும் முன்பெல்லாம் என் கணவர் உப்பளத்துக்குப் போகிற வழியில் தன் பைக்கில் என்னைப் பள்ளியில் இறக்கிவிடுவார். அவர் மனசு வைத்துக் கிளம்புகிற நேரம்தான் எனக்குப் பள்ளி நேரம். பாதி நாள் பிரேயர் முடிந்துதான் போய்ச் சேருவேன். தலைமையாசிரியையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நான், அவரில்லை.

சார்ஜ் ஏறும்போது சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். நிறைந்த பிறகுதான் பச்சை. அன்று சொருகிய உடனேயே பச்சை எரிந்தது, வண்டியோ தெருமுனையைத் தாண்டவில்லை.

"பச்சை எரியுதே, ஃபுல்லாயிட்டிருக்கும்" என்றார் கணவர்.

"ஃபுல்லானா ஓடணும் இல்லீங்க?"

"அப்போ உப்புக் காத்து தின்னுடுச்சி. கடக்கரையில கரண்டு வண்டி வாணாம்னு அப்பவே சொன்னேன். இந்த வாரத்துக்குள்ள சரியாவலன்னா வண்டியும் வாணாம், வேலையும் வாணாம். ஊட்ல கெட."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. உப்புத் தண்ணீர் இறைக்கிற அவருடைய டீசல் எஞ்சின் வருஷக்கணக்காக உப்பளத்து நடுவிலேயே நின்று ஓடுகிறது. அதைத் தின்னாத காற்று, வீட்டுக்குள் இருக்கிற என் வண்டியை மட்டும் தேடி வந்து தின்றதாம்!

எஸ்டிடி பூத்துக்குப் போய், வண்டி விற்ற கடைக்காரருக்கு போன் போட்டேன். "உங்க ஊட்டு கரண்டு வீக்கா இருக்கும்மா" என்றார். கரண்ட் வீக் என்றால் பச்சை எப்படி எரிகிறது என்று கேட்டேன். "ஊட்ல ஜென்ட்ஸ் யார்னா இருந்தா பேசச் சொல்லுங்க" என்றார். ரிசீவரை வைத்த வேகத்தில் பூத்துக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இனி யாரையும் கேட்பதில்லை என்று நானே உட்கார்ந்தேன். அதே பிளக்கில் மிக்ஸியைப் போட்டேன், நன்றாகவே அரைத்தது. சீட்டைத் தூக்கிப் பார்த்தேன், பேட்டரி ஸ்விட்ச் ஆனில்தான் இருந்தது. சார்ஜர் வயரை வண்டியில் சொருகினாலும் பச்சை, பிடுங்கினாலும் பச்சை. அப்படியென்றால், வண்டி இருப்பதே சார்ஜருக்குத் தெரியவில்லை. வண்டியில் வயர் சொருகும் ஓட்டையின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். உள்ளே காய்ந்து கெட்டியான சந்தனம், அதன்மேல் குங்குமம்!

"இது யாரு வேலை?" என்று கத்தினேன்.

"நாந்தான் வெச்சேன்" என்றார், கூச்சமே இல்லாமல். "எஞ்சினுக்கு வருசா வருசம் டேங்க் வாயில பொட்டு வெக்கிறோம்ல? இதுக்கு அதான வாயி."

நான் சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது நடந்த பூஜை. பொட்டு வைத்தவர் அவர், பழி காற்றுக்கு, தண்டனை எனக்கு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஈர்க்குச்சியாலும் பழைய டூத் பிரஷ்ஷாலும் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுச் சொருகினேன். சிவப்பு எரிந்தது. என் வேலை பிழைத்தது என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அவர் எட்டிப் பார்த்தார். "பரவால்லியே, ஏறுது. அப்போ நாளையிலேர்ந்து இத நான் எடுத்துக்கினு போறேன், பெட்ரோலு மிச்சம். நீ பஸ்ல போயிக்க."

சாவியை உருவி இடுப்பில் சொருகிக்கொண்டேன். "நான் சம்பாரிச்சி வாங்குனது. நாந்தான் ஓட்டுவேன்."

கோபத்தில் இரண்டு நாள் என் கையால் சாப்பிட மாட்டேன் என்றார். நானும் வற்புறுத்தவில்லை. அவருக்கு ஆக்கும் நேரம் மிச்சமானதில், அந்த இரண்டு நாளும் மணி அடிப்பதற்கு முன்பே பள்ளிக்குப் போய்விட்டேன்.