இலாகாவின் பொம்மை

என் அலமாரியில், மடித்த சேலைகளுக்கு மேலே, ஒரு துணிப் பொம்மை இருக்கிறது. ஒரு விரல் நீளம்தான். நீலக் கால்சட்டை, பழுப்பேறிய வெள்ளைச் சட்டை, கறுப்பு நூலில் தைத்த தலைமுடி. பார்க்கிறவர்கள் என் பேரப்பிள்ளைகளில் ஒன்று விளையாடியது என்று நினைத்துக்கொள்வார்கள். அது சமூக நல இலாகாவின் சொத்து. நான் திருப்பிக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் போவதில்லை. அந்த இலாகா என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதற்கு ஈடாக இதையாவது நான் வைத்துக்கொள்ளக் கூடாதா என்ன?

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரம் பெறுவதற்கு, சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் என் தம்பியும் மலாக்காவில், காஜா பெராங் பக்கம் இருந்த ஒரு பிள்ளைகள் இல்லத்துக்கு வந்து சேர்ந்தோம். அம்மா பிரசவத்தில் போய்விட்டாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பா, ஊருக்குப் போய்ச் சீக்கிரம் வருகிறேன் என்று கப்பல் ஏறினார், அதோடு சரி. எனக்கு எட்டு வயது, தம்பிக்கு மூன்று. என் கவுனின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டால்தான் அவன் தூங்குவான். இல்லத்து மேட்ரன் அவனை ஆண்பிள்ளைகள் அறையில் படுக்கவைத்துப் பார்த்தார். அவன் அழுத அழுகையில் அந்த அறையே விழித்துக்கொண்டது. கடைசியில், “ரெண்டும் ஒண்ணாவே கெடக்கட்டும்” என்று விட்டுவிட்டார்.

அங்கேதான் மிஸ் வந்தார். எல்லாப் பிள்ளைகளும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம், நானும் அப்படியே எழுதுகிறேன். அதே சாலையில் கொஞ்ச தூரத்தில் இருந்த செட்டி கம்பத்துப் பெண்; பல தலைமுறைக்கு முன்பே வந்து தமிழை மறந்துவிட்டவர்களின் கிராமம் அது. மலாய்ப் பெண்கள்போலக் கெபாயா உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசி, வாயைத் திறந்தால் மலாய் பேசுகிற பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிள்ளைகள் நலத்துக்கென்று ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த இலாகா, அவரைப் பயிற்சிக்காக எங்களிடம் அனுப்பியிருந்தது. எங்களிடமே தமிழ் கற்றுக்கொண்டார். தம்பிதான் வாத்தியார். அவர் தப்பாகச் சொல்லும்போதெல்லாம் அவன் தலையில் அடித்துக்கொள்வான், மிஸ் விழுந்து விழுந்து சிரிப்பார்.

அவரிடம் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் ஒரு பொம்மைக் குடும்பம்: தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, பெண், பையன். எங்களுக்கு முன்னால் கொட்டி, உங்கள் வீட்டை வையுங்கள் என்பார். பிள்ளைகள் வைக்கிற விதத்தைப் பார்த்து அவர்கள் மனதைத் தெரிந்துகொள்ளலாம் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் பெண்ணையும் பையனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு மற்றவற்றைத் தள்ளிவிட்டேன்.

“அப்பா? இந்த அப்பா எங்க?”

“அது கப்பல்ல போயிருச்சு மிஸ்.”

“அம்மா?”

“அது செத்துப் போச்சு.”

மிஸ் பெரிய பொம்மைகளைப் பைக்குள் போட்டார். “அப்போ, நீங்க ரெண்டு பேரும் ஒரு வீடு. பெத்துல்?” சரிதானே என்று அவர் கேட்டதும் தம்பி “பெத்துல்! பெத்துல்!” என்று கத்தினான். எங்களை முழுசாகப் புரிந்துகொண்ட ஒரே பெரிய மனுஷி அவர்தான் என்று அன்றைக்கு நான் நம்பினேன்.

வெள்ளைக்கார அதிகாரிகள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. புது நாட்டுக்குச் சொந்த அதிகாரிகள் வேண்டும் என்று அரசாங்கமே உபகாரச் சம்பளம் கொடுத்து, சமூக சேவை படிக்கப் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. மிஸ்ஸும் தேர்வானார். கம்பமே கொண்டாடியது. மேட்ரன் தேநீர் விருந்து வைத்தார், எங்களுக்கும் ஆளுக்கு ஒரு குவே பலகாரம் கிடைத்தது. ஒரு நிபந்தனை இருந்தது. படித்து வந்தபின் சில ஆண்டுகள் இலாகாவிலேயே உழைக்க வேண்டும், வேலை போனால் செலவழித்த காசு முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். அவருடைய அப்பா ஜாமீன் நின்றார். புறப்படும் முன்பு மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நான் படிச்சி, ஆபிசரா வருவேன். ஒங்க ரெண்டு பேரையும் யாரும் பிரிக்க மாட்டாங்க. மிஸ் பார்த்துக்குவேன்.” நான் தலையை ஆட்டினேன். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டே அடுத்த இரண்டு வருஷத்தை ஓட்டினேன்.

அதற்குள் மெர்டேக்கா வந்துபோனது. கொடி ஆட்டினோம், ரொட்டி கொடுத்தார்கள். மிஸ் கைக்கடிகாரமும் தோல்பையுமாகத் திரும்பி வந்தார். தமிழ் நன்றாகப் பேசினார், சிங்கப்பூரில் யாரிடமோ கற்றிருந்தார். சிரிப்பு மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. பொம்மைகளைத் திரும்பவும் வைக்கச் சொன்னார். நான் அதே மாதிரி இரண்டை வைத்தேன். இந்த முறை அவர் பெரிய பொம்மைகளைப் பைக்குள் போடவில்லை. அம்மா பொம்மையை எடுத்துப் பையன் பக்கத்தில் வைத்தார். “சின்னப் பிள்ளைக்கு ஒரு அம்மா வேணும்ல? அக்கா அம்மா ஆக முடியாதுல்ல?” என்றார்.

பிள்ளையில்லாத தம்பதி ஒன்று சின்னப் பையன் கேட்டிருந்தது. பெரிய பெண் அவர்களுக்கு வேண்டாம். ஒரு காலை நேரத்தில் மிஸ் வந்து, தம்பியைக் குளிப்பாட்டிச் சீவிவிடச் சொன்னார். நான்தான் சீவினேன், நான்தான் பவுடர் போட்டேன். காரில் சவாரி போகப் போகிறான் என்று சொல்லியிருந்ததால் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் கார் நின்றது. அவன் கைக்குள் அந்தப் பையன் பொம்மை. “இது ஆபிஸ் பொம்மை, சாயாங்” என்று சொல்லி, மிஸ் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, பையில் போட்டுவிடு என்று என்னிடம் கொடுத்தார். அவன் உதட்டைப் பிதுக்கினான். காரைக் கிளப்பினதும் அதையும் மறந்து சிரித்தான், எனக்குக் கையைக் காட்டினான். நான் பொம்மையைப் பையில் போடவில்லை.

அதற்குப் பிறகு மிஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம் நான் கேட்டது ஒன்றுதான். தம்பி எங்கே? “தா போலே, சாயாங்.” கூடாது கண்ணே என்பதை மலாயில் இதைவிட அன்பாக யாரும் சொல்ல முடியாது. தத்துக் கொடுத்த வீட்டைச் சொல்லக் கூடாது என்பது விதி, படிப்பில் முதல் பாடமே அதுதானாம். ஒரு தடவை நான் காலைக் கட்டிக்கொண்டு அழுதபோது, “சொன்னா என் வேல போயிரும். அப்பா அவ்ளோ காசுக்கு எங்க போவாரு?” என்று அவரும் அழுதார். அப்போது எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. ஓ, காசுதானா தடை! ஒப்பந்தக் காலம் முடியட்டும், சொல்லிவிடுவார். வளர்ந்து அதே இல்லத்தின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தும் நான் காத்திருந்தேன்.

காலம் முடிந்தது. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இனி யாருக்கும் நீங்கள் கட்டுப்பட்டவரில்லையே மிஸ், இப்போது சொல்லுங்கள் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “தா போலே. அவன் நல்லா இருக்கான். நீ போய் நின்னா அவன் வேரு ஆடிடும்.” காசுக்குப் பயந்து வாயை மூடியிருந்தால் நான் மன்னித்திருப்பேன். ஏழை வீட்டுப் பெண், பயந்தாள் என்று விட்டிருப்பேன். அவர் பயப்படவில்லை. படித்ததை நம்பினார். அதை மட்டும் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

எத்தனையோ பிள்ளைகளுக்கு அவர் நல்லது செய்தார். அதை அவர்கள் எழுதட்டும். பதவி உயர்ந்தது, உபகாரச் சம்பளத்தில் வந்த புது மாணவிகளுக்கு அவரே பாடம் எடுத்தார். அவர்களும் பயிற்சிக்கு எங்கள் இல்லத்துக்குத்தான் வந்தார்கள். ஒருநாள் அவர்களில் ஒருத்தி சமையலறையில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருந்தாள்.

“மிஸ் வகுப்புல ஒரு கேஸ் சொன்னாங்கக்கா. ஒரு பொண்ணு, பொம்மைக் குடும்பத்துல ரெண்டே ரெண்ட வெச்சிட்டு மத்ததெல்லாம் தள்ளி விட்டிருச்சாம். அந்த மாதிரி அக்காகிட்டேருந்து சின்னத சீக்கிரம் பிரிச்சிறணுமாம். இல்லாட்டி புது அம்மாகிட்ட ஒட்டாதாம்.”

நான் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். “அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆச்சாம்?” என்று கேட்டேன்.

“அது தெரியலக்கா. மிஸ் சொல்லல.”

அன்று அவளுக்குச் சோறு போட்டது அந்தப் பெண்தான். பிள்ளைகளுக்காக என்று நாடு செலவழித்த காசில் என் கவுனைப் பிடித்துத் தூங்கிய பிள்ளை ஒரு பாடமாகிவிட்டான். நானும் பாடம்தான், தப்பான உதாரணம்.

இப்போது குருபோங்கில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்குப் போனால் என் வயதை ஒட்டிய ஆண்களின் முகத்தை உற்றுப் பார்ப்பேன். அதே தெருப் பள்ளிவாசலிலிருந்து தொழுதுவிட்டு வருகிறவர்களையும் பார்ப்பேன். எந்த வீட்டுக்குப் போனானோ, யார் கண்டது? என்னிடம் இருப்பது சின்னப் பையனின் முகம், கிழவர்களிடம் அதை எங்கே தேடுவது?

போன வருஷம், மிஸ்ஸுக்கு ஞாபகம் முற்றிலும் போய்விட்டது என்று கேள்விப்பட்டு, மகனைக் காரில் கொண்டுபோய் விடச் சொன்னேன். பொம்மையையும் எடுத்துப் போனேன். காஜா பெராங்கில் அதே வீடு. மிஸ்ஸைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய அக்கா மகள், தன்னையே அவருக்கு அடையாளம் தெரிவதில்லை, பேச்சும் நின்று பல மாதமாகிறது என்றார். மிஸ் நாற்காலியில் குறுகி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், சுவரைப் பார்ப்பதுபோல. பொம்மையை அவர் கையில் வைத்தேன். அதன் சட்டையைக் கட்டைவிரலால் மெல்ல நீவிவிட்டார். நான் குனிந்து, அவருடைய மலாயிலேயே கேட்டேன். மிஸ், என் தம்பி எங்கே?

வெகு நேரம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது, அந்தப் பழைய அன்போடு சொன்னார்: “தா போலே, சாயாங்.”

அக்கா மகள் வாயில் கைவைத்துக்கொண்டார். பேசிவிட்டாரே என்று அவருக்கு ஆனந்தம். சொந்தப் பெயர் போயிருந்தது, பெற்றவர்கள் முகம் போயிருந்தது, அது மட்டும் போகவில்லை. நான் எழுந்தேன். மிஸ் பொம்மையை விடாமல் பிடித்திருந்தார்.

“இது ஆபிஸ் பொம்மை, மிஸ்” என்றேன். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சின்னப் பிள்ளைபோல அவர் அழத் தொடங்கினார். நான் பொம்மையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.