துடக்கு மாதத்துப் பாட்டு

இங்கே கனடாவில், மார்க்கம் நகரத்தில் இருக்கிற மகள் போன கிழமை என்னை ஒரு இங்கிலீஸ் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "சென் ஜேம்ஸ் ரவுண் அப்பார்ட்மெண்டுக்குள்ளை அடைஞ்சு கிடந்து என்ன கண்டியள்? வெளிக்கிடுங்கோ" என்றாள். ரொக் அன்ட் ரோல் பாட்டு உலகத்துக்குப் புதிதாக வந்த காலத்தில் பாடின ஒருவருடைய வாழ்க்கைக் கதையாம். ஏழைப் பெடியன், கையில் கிற்றார், பிறகு பேரும் புகழும். தியேட்டரில் சத்தம் என்றால் நெஞ்சுக்குள் இடிக்கிற சத்தம். ஆசையாகக் கூட்டிவந்த பிள்ளையிடம் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவளுக்குத் தெரியாமல் காது மெசினைக் கழற்றிக் கைக்குள் பொத்திக்கொண்டேன்.

எல்லாம் அடங்கிவிட்டது. திரையில் அந்தப் பெடியனின் விரல்கள் மட்டும் தந்தியில் ஓடிக்கொண்டிருந்தன. சத்தமில்லாத அப்படியொரு வாசிப்பை நான் முன்னமே பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில், எனக்கு ஏழு வயதிருக்கும்போது. வாசித்தவர் என் அண்ணை.

அண்ணை அப்போது மீசை அரும்பின இளந்தாரி. ரேடியோவில் வருகிற இங்கிலீஸ் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டே பழகினவர். அர்த்தம் அவருக்கும் தெரியாது. முன்மயிருக்கு எண்ணெய் பூசி மேலே தூக்கிவிட்டு, காலை ஆட்டி ஆட்டிப் பாடுவார். "உது பாட்டோ, வயித்துக்குத்தோ?" என்று குசினிக்குள் இருந்து அம்மா கேட்பா. "ரெண்டும்தான் அம்மா" என்பார் அண்ணை. கிற்றார் அவருடைய சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரச் சிநேகிதன் கொடுத்தது. ஐயா அதைக் கண்டும் காணாத மாதிரி இருந்தார். தெற்கே மாமாவின் கடையில் அண்ணையைக் கொண்டுபோய் விடுகிற எண்ணம் அவருக்கு. "அங்கை போகுமட்டும் ஆடட்டும்" என்பார்.

அந்த வருசம் கொழும்பிலிருந்து அண்ணைக்கு அழைப்பு வந்தது. ரேடியோவில் பாடிக் காட்டவேண்டும், பிடித்தால் எடுப்பார்கள். வயிற்றுக்குத்து என்று சொன்ன அம்மாவே ஒரு வெள்ளைச் சேட்டைத் தோய்த்துக் கஞ்சி போட்டு மடித்து வைத்தா. அந்தக் கிழமைதான் பெரியப்பா செத்துப்போனார்.

பெரியப்பா ஐயாவின் தமையன், பக்கத்து வளவு. வேலிச் சண்டையில் இரண்டுபேருக்கும் கதைபேச்சு இல்லை. நான் பிறக்க முதலே இல்லை. உயிரோடு இருந்த தமையனுக்கு ஒரு சொல்லுக் கொடுக்காத ஐயா, செத்த தமையனுக்கு ஒரு மாதம் முழுக்கக் கொடுத்தார். சாவுத் தீட்டு, துடக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியுமட்டும் கோயில் இல்லை, நல்ல காரியம் இல்லை, பாட்டு இல்லை. ரேடியோவை ஒரு துவாயால் மூடினார். அண்ணை பாடவேண்டிய நாள் அந்த மாதத்துக்குள் கிடந்தது.

"நீங்கள் அவரோடை கதைச்சதை நான் ஒருநாளும் காணேல்லை ஐயா" என்றார் அண்ணை.

"கதைக்காட்டில்? தமையன் இல்லையெண்டு போயிடுமோ?"

"ஒரு நாள்தானே."

"துடக்கு வீட்டுக்காரன் போய் ஆடினவன் எண்டு சனம் சொல்லும். நான் தலை நிமிர்ந்து நடக்கிறேல்லையோ?"

வேறு நாள் தரச்சொல்லி அண்ணை கொழும்புக்கு எழுதினார். பதில் வரவில்லை.

ஐயாவின் மனம் இளகும் என்று நம்பினாரோ, விரல் மறந்துவிடும் என்று பயந்தாரோ, பின்னேரங்களில் கிணற்றடிக்குப் பின்னால் இருந்து வாசிப்பார். இடக்கை தந்தியை அமத்தும். வலக்கை தந்தியில் படாமல் காற்றில் ஓடும். வாய் அசையும், குரல் வராது. நான் எதிரில் சப்பாணி கட்டி இருப்பேன். எனக்கு அது நல்ல விளையாட்டு. முடிந்ததும், "கேட்டதோ?" என்பார். நான், "ஓம் அண்ணை, நல்லாக் கேட்டது" என்பேன்.

அந்தியேட்டி முடிய, அம்மா கஞ்சி போட்ட அதே சேட்டைப் போட்டுக்கொண்டு அண்ணை மாமாவின் கடைக்குப் போனார். பிறகு அவர் ஒரு பாட்டை வாய்க்குள் முணுமுணுத்ததைக்கூட நான் கேட்டதில்லை. பெடியன் திருந்திவிட்டான் என்று ஐயா சாகுமட்டும் பெருமையாகச் சொன்னார். அண்ணை ஊரில் மோசம் போய்ச் செத்தவீடு நடந்தபோது என்னால் இங்கிருந்து போக முடியவில்லை. ரொறன்ரோவில் இருந்துகொண்டு ஒரு மாதம் ரீவி போடாமல் துடக்குக் காத்தேன். அவருக்கு அது பிடித்திராது. எனக்கு வேறு என்ன செய்கிறது என்று தெரியவில்லை.

படம் முடிந்து லைற் வந்ததும், "எப்பிடி அம்மா பாட்டு?" என்றாள் மகள். "நல்லாக் கேட்டது பிள்ளை" என்றேன்.

அண்ணை கொழும்புக்கு வெளிக்கிட்டிருக்கவேண்டிய அன்றைக்கும் கிணற்றடியில் வாசித்தார். தூரத்தில் கொழும்புக்குப் போகிற றெயின் கூவிக்கொண்டு போனது. அவர் நிறுத்தவில்லை. பாட்டைக் கடைசிவரைக்கும் வாசித்தார்.

"கேட்டதோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப காணும், அது போதும்" என்றார். ஒருநாளும் தொடவிடாத கிற்றாரை என் மடியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. துடக்கு என்றபடியால் தந்தியில் விரல் படாமல் கவனமாகப் பிடித்துக்கொண்டு, அண்ணை தண்ணி குடிக்கத்தான் போயிருக்கிறார், வந்து அடுத்த பாட்டு வாசிப்பார் என்று இருட்டுமட்டும் அங்கேயே இருந்தேன்.