மாமாவுக்கு ஒரு கடல் தூண்டில்

டீத்தூள் என்று நினைத்துத்தான் அந்த டப்பாவைத் திறந்தேன். பால்மாவு வந்த பழைய தகர டப்பா. மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். அடுப்படி மாடத்தில், கடுகுக்கும் சீரகத்துக்கும் பக்கத்தில், தானும் ஒரு பலசரக்குச் சாமான்தான் என்பதுபோல அடக்கமாக உட்கார்ந்திருந்தது. உள்ளே கறுப்பு வண்டல் மண் இருந்தது, அந்த மண் நெளிந்தது. நான் போட்ட சத்தத்தில் பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா நிதானமாக எழுந்து வந்து, டப்பாவை என் கையிலிருந்து வாங்கி, மேல்மண்ணைத் தட்டிச் சமன்செய்து மூடினார். "நாக்குப்பூச்சிளா, தூண்டிலுக்கு. முத்தத்துல வச்சா வெயில்ல செத்துரும், அதான் இங்கன வச்சேன்" என்றார். புழுக்களின் சௌகரியத்தை இவ்வளவு யோசித்தவர் மருமகளின் சௌகரியத்தை யோசிக்கவில்லையே என்று கோபம் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பும் வந்துவிட்டது.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. கொற்கைக்குப் பக்கத்தில் ஒரு குளத்தங்கரை ஊர் அவருக்கு. பாண்டியர் காலத்தில் முத்துக் குளித்த கடல் அந்தப் பக்கத்தை விட்டு விலகிப்போய், இப்போது அங்கே வயலும் வாழையும்தான். "எங்க ஊர்க்காரங்களைக் கண்டு பயந்துதான் கடலு ஓடிப்போச்சு" என்பார். அந்தக் குளத்தில் கெண்டையும் விராலும் பிடிப்பதுதான், வயல்வேலை போக, அவர் வாழ்க்கை. அத்தை இறந்தபிறகு ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். ஒரு வேளை பொங்கிய சோற்றையே மூன்று வேளையும் சாப்பிடுகிறார் என்று ஊரிலிருந்து ஆள் வந்து சொன்னதும், என் கணவர் போய்க் கையோடு கூட்டிவந்துவிட்டார். அது எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்த காலம். கணவர் அங்கே கணக்கர், விடியுமுன் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாமா ஒரு டிரங்குப் பெட்டியும், பஸ் கூரையில் கட்டி வந்த மூங்கில் தூண்டிலும், மேலே சொன்ன டப்பாவுமாக வந்து இறங்கினார். "கொஞ்ச நாளு பாக்கேன். ஒத்துவரலேன்னா பஸ் ஏறிருவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

எனக்கு அவர் போய்விடக் கூடாது என்று இருந்தது. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் அப்பா என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டைத் திறக்கிற வீடு எனக்குப் பிடிக்காது. மாமா வந்தபிறகு, தெருமுனை திரும்பும்போதே வாசலில் வெள்ளை வேட்டி தெரியும். "வந்துட்டியா? காப்பித் தண்ணி போடு, எனக்கும் சேத்து" என்பார். அந்த அதிகாரம் எனக்கு வேண்டியிருந்தது. அவரைத் தனியாக அந்த ஓட்டு வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஆனால் கடல் அவருக்கு ஒத்துவரவில்லை. பழைய துறைமுகத்துக்குத் தெற்கே பாறாங்கல் கொட்டிய கரை ஒன்று உண்டு. அங்கே மூங்கிலையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனார். குளத்தில் தக்கை சும்மா மிதக்கும், மீன் இரையைத் தொட்டால்தான் அமுங்கும். கடலிலோ அலைக்கு அலை தக்கை அமுங்கியது. அது ஒவ்வொரு முறை அமுங்கும்போதும் மாமா மூங்கிலைச் சுண்டி இழுத்தார், ஒவ்வொரு முறையும் தூண்டில் முள் வெறுமையாக வந்தது. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கூடவே சத்தம் போட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்களாம். நாக்குப்பூச்சி உப்புத்தண்ணீரில் வெளுத்துச் செத்தது. கெண்டைக்குப் போதுமான மெல்லிய தூண்டில் நரம்பை ஏதோ ஒரு பல்லுக்கார மீன் கத்தரித்தாற்போல் வெட்டிக்கொண்டு போனது. மிஞ்சிய முள் மறுநாள் காலையில் துருப்பிடித்துக் கிடந்தது. "இந்தத் தண்ணிக்கு ஒரு மரியாதையும் தெரியலளா" என்று சொல்லிவிட்டு மூங்கிலைச் சுவரோரம் சாத்தினார். அதற்குப்பிறகு மணிக்கொரு தரம் கேட்டார், கொற்கைப் பக்கம் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று.

மாமாவைத் தங்கவைக்க வேண்டுமானால் அவருக்குக் கடலில் மீன் கிடைத்தாக வேண்டும், அதற்குக் கடலுக்கான தூண்டில் வேண்டும் என்று முடிவு செய்தேன். அதைப்பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை ஒரு தடையாக நான் நினைக்கவில்லை. கடற்கரைச் சாலைப் பக்கம் வலையும் கயிறும் விற்கிற ஒரு கடையில் போய், "தூண்டில் சாமான் வேணும் அண்ணாச்சி" என்றேன். கடைக்காரர் என் சேலையையும் குடையையும் பார்த்தார். "என்ன மீனுக்கு டீச்சர்?" எனக்குத் தெரியவில்லை. "வள்ளத்துல போயிப் போடவா, கரையில நின்னு போடவா?" அதற்கும் திருதிருவென்று விழித்தேன். "மாமனாருக்கு அண்ணாச்சி" என்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் ரோஷம் வந்துவிட்டது. கல்யாணச் சேலை எடுப்பதுபோல, இருப்பதிலேயே கனமானதைக் காட்டுங்கள் என்று கேட்டு, விரல் நீள முள்ளும், கொடிக்கயிறு மாதிரி நரம்பும் வாங்கி வந்தேன். மாமா முள்ளைத் தூக்கிப் பார்த்தார். "ஏளா, இதுல மீனு மாட்டாது. ஆட்டைத் தொங்க விடலாம்" என்றார்.

இரண்டாம் முறை போனபோது பணிவாகக் கேட்டேன், அண்ணாச்சியும் பொறுமையாகச் சொன்னார். கரையிலிருந்து போடுகிறவருக்கு மூங்கிலே வேண்டாம், கைநரம்பு போதும். கெண்டை நரம்பைவிட இரண்டு மடங்கு தடிமன் இருந்தால் சரி, அதற்குமேல் போனால் மீன் கண்டுகொள்ளும். தக்கையை மறந்துவிட வேண்டும், அதற்குப் பதில் ஈயக்குண்டு. குண்டு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், அலை பாட்டுக்கு மேலே ஆடட்டும். முள் சின்னதாக, ஈயம் பூசியதாக இருக்க வேண்டும். முள்ளுக்கு மேலே ஒரு சாண் மெல்லிய கம்பி, பல்லுக்கார மீனுக்காக. இரைக்கு இறால் அல்லது சாளை மீன் துண்டு. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். "நரம்பை ஆள்காட்டி விரல்ல போட்டுக்கிட்டு இருக்கச் சொல்லுங்க டீச்சர். மீனு வந்தா விரலு சொல்லும்" என்றார். இதையெல்லாம் நான் மாமாவிடம் பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தேன். கடைசி வாக்கியத்தில் மட்டும் அவர் முகம் ஏனோ மாறியது. "தக்கை வேண்டாமாக்கும்" என்றார்.

அதன்பிறகும் மீன் வரவில்லை. பக்கத்துக் கல்லில் நின்று போடுகிறவர்கள் விளமீனும் ஊளியுமாகத் தூக்க, மாமா மட்டும் காலி முள்ளோடு வந்தார். வெறுத்துப்போய் மறுபடி தக்கையைக் கட்டினார். பிடிவாதம் என்று என் கணவர் சலித்துக்கொண்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள், வேதக்காரர்களான எங்கள் வீடுகளில் அன்று ஊசியில் நூல்கூடக் கோக்கமாட்டோம், தூண்டிலைத் தொடுவது நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காரியம். எனக்குச் சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தக்கையை நானே அவிழ்த்து வைத்துவிட்டு, குடையும் கையுமாக அவரோடு போய்க் கல்லில் உட்கார்ந்தேன். அவர் ஈயக்குண்டைச் சுழற்றி அழகாக எறிந்தார். நரம்பை ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் நரம்பு துடித்தது. இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கே அது தெரிந்தது. மாமா கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மீண்டும் துடித்து, வெடுக்கென்று இழுபட்டு, தளர்ந்தது. அப்போதுதான் அவர் வேட்டியைப் பார்த்தேன். மடியில் ரத்தத் துளிகள். நரம்பு அறுத்து அவர் விரலிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருக்கிறது, அவருக்கு அது தெரியவே இல்லை.

"மாமா, கை!" என்றேன். அவர் குனிந்து பார்த்து, யாருடைய கையோ என்பதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கைக்குட்டையால் சுற்றிக் கட்டினேன். கட்டிய விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நுனி விரலு செத்து நாளாச்சுளா. உங்க அத்தை இருக்கும்போதே. சுடுகஞ்சியும் ஒண்ணுதான், பச்சைத் தண்ணியும் ஒண்ணுதான்." கொதிக்கிற காப்பி டம்ளரை அவர் வெறுங்கையால் தூக்கும்போதெல்லாம், உழைத்த கை, காய்த்த கை என்று நான் பெருமையாகப் பார்த்திருக்கிறேன். அதை நினைத்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "குளத்துல தக்கை இருக்கு. கண்ணு இருந்தாப் போதும், விரலு வேண்டாம். அங்கன நான் ஒரு மனுசன். இங்கன எதுக்கும் உதவாதவன். வாற திங்கக்கிழமை இல்ல, அதுக்கு அடுத்த திங்கக்கிழமை நான் போறேன். நீ தடுக்கக்கூடாது" என்றார். மகனிடம் சொல்லாதே என்றும் கேட்டுக்கொண்டார், சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். தக்கையை அவர் விடாததற்குக் காரணம் பிடிவாதமே இல்லை. அதை நானே அவிழ்த்துப் பெட்டியில் போட்டிருந்தேன்.

மறுவாரம் முழுக்க எனக்குப் பாடம் நடத்த ஓடவில்லை. கரும்பலகையில் எழுதும்போது சுண்ணாம்புக் கட்டியின் சொரசொரப்பு என் விரலில் தெரிவதைக்கூடக் கவனித்துக்கொண்டிருந்தேன். அப்படிக் கவனித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் எனக்குப் புத்தியில் உறைத்தது. பிடிக்கிற பலம் அவர் கையில் அப்படியே இருக்கிறது. மீனைப் பற்றி அவருக்குத் தெரிந்ததும் எங்கும் போய்விடவில்லை. குறைவது ஒரு விரல்நுனிதான். அது என்னிடம் பத்து இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்குப் போனேன். "இப்ப யாருக்கு டீச்சர்?" என்றார் அண்ணாச்சி. "எனக்குத்தான் அண்ணாச்சி" என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவர் என் கையைப் பார்த்துவிட்டு, முன்னதைவிட ஒரு சுற்று மெல்லிய நரம்பை எடுத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை மாமாவிடம் அனுமதி கேட்கவில்லை. கல்லில் அவருக்கு முன்னால் உட்கார்ந்து, அவர் எறிந்த நரம்பை என் விரலில் வாங்கிக்கொண்டேன். மிச்ச நரம்பு அவர் பிடியில். "என்னளா இது கூத்து? நாலு பேரு பாக்கான்" என்றார். "பாக்கட்டும் மாமா. நான் என்ன தெரியுதுன்னு சொல்லுதேன், என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க" என்றேன். ஒரு டீச்சர் மாமனாரோடு கல்லில் உட்கார்ந்து தூண்டில் போடுவதைப் பார்க்க உண்மையிலேயே நாலு பேர் நின்றுவிட்டார்கள். எனக்கு முதுகெல்லாம் கூசியது. நரம்பு அசைந்தது. "பொட்டுப் பொட்டுன்னு தட்டுது மாமா." "குஞ்சு. கொத்திப் பாக்கும். விடு." அவர் குரலில் எரிச்சல் இருந்தது. கொஞ்சம் கழித்து, "லேசா இழுத்துட்டு விட்டிருச்சு" என்றேன். அவர் உடம்பை முன்னால் சாய்த்தார். "திரும்ப வரும். அசையாத. மூச்சு விடாத." அதில் எரிச்சல் இல்லை. குளத்தங்கரையில் அவர் எப்படி இருந்திருப்பார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "மாமா, ஒரே இழுப்பா..." நான் முடிக்கவில்லை. அந்தப் பெரிய கைகள் என் தலைக்கு மேலாக நரம்பை வாரி வாரி இழுத்தன. கல்லில் வந்து விழுந்து துள்ளியது ஒரு விளமீன், முழங்கை நீளம் இருக்கும். நின்ற நாலு பேரும் கைதட்டினார்கள். மாமா மீனைப் பார்க்கவில்லை. என் விரலை எடுத்து வைத்துப் பார்த்தார், அறுத்திருக்கிறதா என்று.

இப்போது என் பேரன் ஓய்வுநாளில் கடலில் தூண்டில் போடுகிறவன். சக்கரம் வைத்த கம்பு, மினுங்குகிற பிளாஸ்டிக் மீன் என்று ஒரு பையே வைத்திருக்கிறான். புதிதாக எதையாவது வாங்கினால் எனக்குக் காட்டுவான். எந்த மீனுக்கு, எந்த இடத்துக்கு என்று அவன் விளக்குவதை நான் கேட்டுக்கொள்வேன். கைக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பேன். மாமாவை, அவருக்குக் கொடுத்த வாக்கையும் மீறி மகனிடம் சொல்லி, பிற்பாடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சர்க்கரை என்றார்கள். விரல் திரும்பவில்லை. காப்பியில் சீனி நின்றதற்கு மட்டும் சாகும்வரை என்னைத் திட்டினார்.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. மீனை ஓலையில் கோத்துத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் முன்னால் நடந்தார், நான் ஈயக்குண்டுகளைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தேன். திங்கட்கிழமையைப் பற்றி அவர் பேசுவார் என்று பயந்துகொண்டே வந்தேன். பேசினால் என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் எழுதி எழுதி அழித்தேன். தெருமுனையில் நின்று, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:

"ஏளா, அடுத்த சனிக்கிழமை உனக்குப் பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும்?"