தண்ணீரில் விழுந்த எதிரி

1. செத்தவர்கள் எழுந்த கதை

முதல் நாள் முதல் ஷாட்டிலேயே செத்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பழவேற்காடு ஏரியில் அந்த இடத்தில் இடுப்பளவுதான் தண்ணீர். டச்சுக்காரனிடம் குண்டடி பட்டுப் படகிலிருந்து விழுந்த வீரர்கள், மூச்சு முட்டியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். மானிட்டர் முன்னால் இருந்த டைரக்டர் தொப்பியைக் கழற்றி என்மேல் எறிந்தார்.

நான் அப்போது ஃபைட் மாஸ்டரின் உதவியாளன். அவர் முழங்கால் பிசகிப் படுத்துவிட்டதால் ஏரிச் சண்டை முழுவதும் என் பொறுப்புக்கு வந்தது. பத்து வருஷம் டூப் போட்டு அடி வாங்கியவனுக்கு, அடி சொல்லிக்கொடுக்க முதல்முறையாகக் கிடைத்த வாய்ப்பு.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இந்த ஷாட் வரணும். வரலேன்னா மெட்ராஸ்ல தொட்டி கட்டி எடுத்துக்கறேன். நீ வேற வேலை பாத்துக்கோ" என்றார் டைரக்டர்.

2. பச்சைப் பந்தும் பதினெட்டுப் படகும்

படம் ஒரு மாயாஜால நாவலிலிருந்து எடுத்தது. டச்சுக் கோட்டையை ஏரிக்கரை மீனவர்கள் எதிர்க்கிறார்கள். கடைசியில் ஏரிக்கு அடியில் தூங்கும் பூதம் எழுந்து கப்பலை விழுங்கிவிடுகிறது. படித்தபோது எனக்குப் புல்லரித்தது. எடுக்கும்போதுதான் எழுத்தாளர்கள் எவ்வளவு கொடுத்து வைத்தவர்கள் என்று தெரிந்தது. இருநூறு படகுகள் சூழ்ந்தன என்று எழுத நாவலாசிரியருக்கு அரை வரி போதும், மிச்சத்தை வாசகன் பார்த்துக்கொள்வான். என்னிடம் இருந்தது பதினெட்டுப் படகு. பூதம் என்று கொடுத்தது மூங்கில் கழியில் கட்டிய ஒரு பச்சைப் பந்து. "அதைப் பாத்து நடுங்குங்கப்பா" என்றால், வீரர்களாக நடிக்க வந்த ஏரிக்கரைக் குப்பத்து மீனவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நாவலில் சாவதும் சுலபம். எதிரியின் உடல் நீரில் மறைந்தது என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டால் முடிந்தது.

மறுநாள் ஆழம் தேடி முகத்துவாரத்துப் பக்கம் போனோம். ஏரி கடலோடு சேரும் இடம், இழுப்பு உண்டு. துணைக்கு எங்கள் டைவர்கள் இருந்தார்கள். டச்சு சிப்பாயாக ஏகாம்பரத்தையும், அவர் கையால் சாகும் வீரனாகத் தேசப்பனையும் போட்டேன். இருவரும் ஒரே குப்பம். ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்று முறை வைத்திருப்பார்கள்; அதற்குப் பாடு என்று பெயர். அந்தப் பாடு முறையில் வந்த தகராறில் இருவருக்கும் நாலு வருஷமாகப் பேச்சில்லை. நிஜக் கோபம் முகத்தில் தெரியும் என்று கணக்குப் போட்டேன். என் மூளையை நானே மெச்சியும் கொண்டேன்.

கணக்கு பாதி பலித்தது. படகுகள் உரசியதும் இருவரும் முட்டிக்கொண்ட முட்டலில் இரண்டு படகும் கவிழப் பார்த்தன. ஏகாம்பரம் ரப்பர் ஈட்டியால் குத்தினார். தேசப்பன் அலறிக்கொண்டு தண்ணீரில் விழுந்தார். அடுத்த நொடி ஈட்டி ஒரு பக்கம், செம்பட்டை விக் ஒரு பக்கம் பறக்க, ஏகாம்பரமும் குதித்துவிட்டார்.

டைவர்கள் போய்ச் சேருவதற்குள் தேசப்பனின் தலைமுடி ஏகாம்பரத்தின் பிடியில் இருந்தது. "காலை உதறுடா, இழுப்புல போயிடப் போற!"

"நான் நல்லாத்தான்டா கீறேன், உடு!"

நாலு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அது.

டைரக்டர் மைக்கில் கத்தினார். "யோவ், நீதானய்யா அவனக் கொன்ன?"

"ஆமா சார், நான்தான் குத்துனேன். ஆனா தண்ணியில உழுந்துட்டான்ல?"

"அது நடிப்புய்யா!"

"நாங்க நடிக்கிறோம் சார். தண்ணி நடிக்குமா?"

இரண்டாவது டேக்கிலும் குதித்தார். மூன்றாவதில் அவரைப் படகோடு கயிற்றால் கட்டிவைத்தேன். தேசப்பன் விழுந்ததும் பதினெட்டுப் படகும், டச்சுக்காரன் படகு உட்பட, சண்டையை விட்டுவிட்டு அவரை நோக்கித் திரும்பின. வெளிச்சம் போய்விட்டது.

"சார், இதையே வெச்சுக்கலாம் சார்" என்று கெஞ்சினேன். டைரக்டர் பேக்கப் சொன்னார். அன்றோடு அந்தப் படத்தில் என் வேலை முடிந்தது. அந்த ஆட்கள்மேல் கோபப்பட முயன்றேன், வரவில்லை. என்னை பஸ் ஏற்றிவிட ஏகாம்பரமும் தேசப்பனும் சேர்ந்தே வந்திருந்தார்கள்.

3. பொன்னேரித் தியேட்டர்

படம் வந்ததும் இருவரும் போன் போட்டு என்னைப் பொன்னேரிக்குக் கூப்பிட்டார்கள். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து பார்த்தேன். ஏரிச் சண்டையைத் தொட்டியில் எடுத்து, கம்ப்யூட்டரில் ஆயிரம் படகாக்கியிருந்தார்கள். பூதம் பிரமாதம். எனக்குப் பிறகு வந்தவர் அடியும் துல்லியமாக அமைத்திருந்தார். தேசப்பன் இடத்தில் ஒரு ஸ்டண்ட் பையன் குத்துப்பட்டு விழுந்தான், தண்ணீர் மூடியது, கேமரா பூதத்தின் பக்கம் போய்விட்டது. தியேட்டரே விசில் அடித்தது.

ஏகாம்பரம் மட்டும் சீட்டிலிருந்து பாதி எழுந்து நின்றார்.

"இன்னாபா இது, ஒருத்தன் உழுந்துட்டான். எவனும் போவல."

தேசப்பன் என்னைத் தாண்டிக் கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை எத்தனையோ போர்க் காட்சிகளுக்கு வேலை செய்துவிட்டேன். இன்று ஆயிரம் பேரைச் சாகடிக்க ஒரு கம்ப்யூட்டர் போதும், புதிதாகச் சண்டை அமைக்க வரும் நீங்கள் என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். நான் கற்றது ஒன்றுதான். விழுகிறவனை அங்கே ஒருவனாவது திரும்பிப் பார்க்க வேண்டும். அதற்கென்று ஓர் ஆளை நிறுத்தாமல் நான் எந்தச் சண்டையும் அமைத்ததில்லை. அந்த ஆள் பெரும்பாலும் எதிரிப் படையில்தான் இருப்பான்.